ஆறு கிலோ புலி: ஜெர்ரி கார்சியாவின் ‘டைகர்’ கிட்டார் – ஒரு நிகழ்வு ஆய்வு

1995 ஜூலை 9. சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் நிகழ்ச்சி. குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவிடம் அன்று இருந்தது ‘ரோஸ்பட்’ என்ற கிட்டார். அது கோளாறு செய்தது. உடனே பழைய கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டார். அதுதான் ‘டைகர்’. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, கார்சியா இறந்துபோனார். வயது 53. பொது மேடையில் அவர் கடைசியாக வாசித்த கிட்டார் என்ற பெயர் அப்படித்தான் டைகருக்கு வந்தது.

ஏழு வருடம் கழித்து அதே கிட்டார் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது 9,57,500 டாலருக்குப் போனது. செய்து கொடுத்தபோது அதன் விலை 5,800 டாலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாயைப் பிளப்பதுதான் வழக்கம். எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. சொல்லிச் செய்யும் கிட்டாருக்கு ஆசைப்படும் பலரும் முதலில் மரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டைகரின் நகலைச் செய்து விற்பவர்களும் மரத்தைத்தான் முன்னால் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கிட்டாரில் ஒரு கைவினைஞன் உண்மையில் எதைத் தீர்த்தான்? கொஞ்சம் திறந்து பார்க்கலாம்.

முதலில் செய்தவர். டக் இர்வின் 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் அலெம்பிக் பட்டறையில் வேலை பார்த்தவர். அலெம்பிக் சாதாரணக் கிட்டார் கடை அல்ல. கிரேட்ஃபுல் டெட்டின் ஒலிக்கருவிகளைச் சீர்செய்யக் கூடிய கூட்டம் அது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ரான் விக்கர்ஷாம், மரவேலை தெரிந்த ரிக் டர்னர் போன்றவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சால்டரிங் இரும்பும் இழைப்புளியும் அடுத்தடுத்த மேசையில் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டார் செய்வது அதுவரை பெரும்பாலும் தச்சு வேலையாகவே இருந்தது, மின்சாரம் அதற்குள் கடைசியில் திணிக்கப்படும் விருந்தாளி. அந்த முறையை மாற்றியதில் அலெம்பிக்குக்குப் பெரிய பங்கு உண்டு. இர்வின் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுதான்.

அந்தக் கடையில் இர்வின் செய்த ஒரு கிட்டார் கார்சியாவின் கண்ணில் பட்டது. உடனே வாங்கினார், கூடவே இன்னொன்று செய்யச் சொன்னார். 1973இல் அது வந்து சேர்ந்தது. ஊதா நிறப் பர்ப்பிள்ஹார்ட் மரமும் சுருள் ரேகை மேப்பிளும் சேர்ந்த உடல், கருங்காலியில் விரற்பலகை, 24 ஃப்ரெட். விலை 1,500 டாலர். பிற்பாடு ‘வுல்ஃப்’ என்று பெயர் பெற்றது இதுதான். அது கைக்கு வந்த சூட்டிலேயே கார்சியா அடுத்ததற்கும் சொல்லிவிட்டார். இந்த முறை அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எதையும் அடக்கி வாசிக்காதே, செலவைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆர்டர் கொடுத்தவர் இப்படிச் சொன்னால் கைவினைஞனுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் ஆபத்தும் அதில்தான். இர்வின் ஆறு வருடம் எடுத்துக்கொண்டார். 1979 ஆகஸ்ட் 4 அன்று ஓக்லாண்டில் டைகர் முதன்முதலாக மேடையேறியது.

5,800 டாலர் என்பதை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1979இல் அமெரிக்கக் கூட்டரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 90 சென்ட். வகுத்தால் சரியாக 2,000 மணி நேரம். வாரம் 40 மணி வீதம் 50 வாரம், அதாவது ஒரு தொழிலாளியின் ஒரு வருட உழைப்பு. இதில் மரத்தின் விலை, பித்தளையின் விலை, முத்துச்சிப்பியின் விலை எதையும் இன்னும் கழிக்கவில்லை. உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவரின் கூலிக் கணக்கில்தான் உலகின் மிகப் பேசப்பட்ட கிட்டார்களில் ஒன்றின் விலை நிற்கிறது. ‘ஹை எண்ட்’ என்று இன்று நாம் சொல்லும் சொல் அன்று செய்தவர் பக்கமிருந்து பார்த்தால் அவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்காது.

சரி, கிட்டாருக்கு வருவோம்.

எடை பதின்மூன்றரை பவுண்டு. ஏறக்குறைய 6.1 கிலோ. வழக்கமான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் மூன்றரை கிலோ சுமாருக்கு இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையோடு இன்னும் ஒரு கிலோ துவரம்பருப்பையும் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்று வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார்சியா பத்து வருடத்துக்கும் மேல் அப்படித்தான் வாசித்தார்.

இந்தக் கனத்துக்கு முதல் காரணம் கோகோபோலோ. மத்திய அமெரிக்க மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்குச் சித்தப்பா மகன், இரண்டும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினம். காய்ந்த பிறகும் பல துண்டுகள் தண்ணீரில் மூழ்கும். அறுக்கும்போது பளீரென்று ஆரஞ்சும் மஞ்சளுமாக இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டு அடர்சிவப்பாக இறங்கும், குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடும். புலி என்ற பெயர் இந்தக் கோடுகளால் வந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால், மின்சுற்றை மூடும் தகட்டின் மேல் ஒரு புலியை இர்வின் பதித்திருக்கிறார். பெயர் அதிலிருந்து வந்தது.

கோகோபோலோவோடு வேலை செய்தவர்களிடம் கேட்டால் இரண்டு புகார் நிச்சயம் வரும். ஒன்று, தூசி. தோலில் பட்டால் பலருக்குத் தடித்துச் சிவந்துவிடும், மூக்கில் ஏறினால் இன்னும் மோசம். இரண்டு, பசை. இந்த மரத்துக்குள் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் பூசிய கையில் பிளாஸ்திரி ஒட்டுவது போல, பசை பிடிக்காமல் நழுவும். ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே கசிந்து வருவதற்குள் பசை தடவிக் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட வேண்டும். தாமதித்தால் மறுபடி துடை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், டைகரின் உடல் ஒரே கட்டை அல்ல. கிண்டலாக ‘ஹிப்பி சாண்ட்விச்’ என்று சொல்லப்படும் அலெம்பிக் பாணி முறை: வெவ்வேறு மரங்களைப் பலகை பலகையாக முகத்தோடு முகம் ஒட்டி அடுக்குவது. மேலே கோகோபோலோ, நடுவே மேப்பிள் கோடு. அதற்கு மேல் பித்தளை வேறு: பிரிட்ஜ், டெயில்பீஸ், விளிம்பு எல்லாம். கருங்காலி விரற்பலகையின் ஓரத்திலும் பித்தளைப் பட்டை. மரம் பருவத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். பித்தளை அந்த மாதிரி அசையாது. இரண்டையும் முடியளவு இடைவெளி இல்லாமல் சேர்த்து, வருடக்கணக்காகச் சாலையில் ஊர் ஊராக அலைந்தும் விடாமல் வைத்தது தச்சனின் கெட்டிக்காரத்தனம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதெல்லாம் ஒலிக்கு என்ன செய்தது? கனமான, விறைப்பான உடல் தந்தியின் அதிர்வை எளிதில் குடித்துவிடாது, அதனால் ஸ்வரம் நீளமாக நிற்க உதவும் என்பது செய்பவர்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. எலக்ட்ரிக் கிட்டாரில் மரத்தின் பங்கு எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, நான் அதற்குள் தலையிடப் போவதில்லை. என் கட்சி இதுதான்: மரம் உப்பு மாதிரி. குழம்பைக் குழம்பாக்குவது வேறு. டைகரில் அது அந்தப் புலித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது.

மூன்று பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகங்கள். கழுத்துப் பக்கம் ஒற்றைக் காயில் (ஒரே கம்பிச்சுருள்), நடுவிலும் பிரிட்ஜ் பக்கமும் ஹம்பக்கர், எல்லாம் டிமார்சியோ தயாரிப்பு. ஒற்றைக் காயில் தெளிவாகவும் கூர்மையாகவும் பேசும், ஆனால் மேடை விளக்கின் மின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராகச் சேர்ந்து இரைச்சலை அடித்துவிடும், தொனியும் தடிக்கும். கார்சியா அதற்கு முன் கிப்சனும் வாசித்திருக்கிறார், ஃபெண்டர் ஸ்ட்ராட்டும் வாசித்திருக்கிறார். இரண்டின் குரலும் ஒரே கிட்டாரில் வேண்டும். அதற்காக ஹம்பக்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி சுவிட்ச்: தட்டினால் ஒரு காயில் அணைந்து, ஒற்றைக் காயிலின் மணிச்சத்தம் வரும். ஐந்து நிலை சுவிட்சோடு இதையும் பெருக்கினால் மேடையில் வேறு கிட்டாருக்கு மாற வேண்டிய தேவையே குறைகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் அந்தக் காலத்தில் வேறு சிலரும் செய்ததுதான். அடுத்தது அப்படியல்ல. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

கார்சியாவுக்குப் பிடித்த எஃபெக்ட்களில், அதாவது கிட்டார் ஒலியை உருமாற்றும் பெட்டிகளில், ஒன்று மியூட்ரான் 3 என்ற என்வலப் ஃபில்டர். தந்தியைப் பலமாக அடித்தால் வாயைப் பெரிதாகத் திறந்து ‘வாவ்’ என்னும், மெல்லத் தொட்டால் பாதி வாயோடு முனகும். அதாவது உள்ளே வரும் ஒலியின் அளவை வைத்துத்தான் அது நடந்துகொள்கிறது. இதில் ஒரு சிக்கல். பாடகர் பாட ஆரம்பித்துவிட்டார், நீங்கள் கொஞ்சம் ஒதுங்க வேண்டும். கிட்டாரில் வால்யூமைக் குறைக்கிறீர்கள். ஃபில்டருக்கும் குறைவாகவே போகிறது. அது வாயை மூடிக்கொண்டுவிடும். நீங்கள் கேட்டது அதே குரல், சின்னதாக. கிடைத்தது வேறு குரல்.

என்னிடம் இருக்கும், இதே வேலை செய்யும் மலிவு விலை ஆட்டோ வா பெடலில் இதை எத்தனையோ தடவை அனுபவித்திருக்கிறேன். வால்யூம் 10இல் வைத்து ஒரு ரிதம் அடித்தால் தவளை போலத் துள்ளும். 6க்குக் கொண்டுவந்தால் தலையணைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஆகிவிடும். குனிந்து பெடலின் குமிழைத் திருகிச் சரிசெய்வதற்குள் பாட்டு அடுத்த சரணத்துக்குப் போயிருக்கும்.

டைகரில் இர்வின் செய்தது இது, ‘லூப்’ என்பார்கள். பிக்கப்பிலிருந்து வரும் ஒலி நேராக வால்யூம் குமிழுக்குப் போகாது. முழு அளவிலேயே கிட்டாரைவிட்டு வெளியேறி எஃபெக்ட் பெட்டிகளுக்குப் போகும். அங்கே எல்லாம் முடிந்ததும், அதே கேபிளின் இன்னொரு கம்பி வழியாகக் கிட்டாருக்கே திரும்பி வரும். அதற்கப்புறம்தான் வால்யூம் குமிழ். அதிலிருந்து இன்னொரு கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு. வாய்க்காலின் தலைமடையில் இருந்த மதகைக் கழற்றி வயலின் வாசலில் மாட்டியது போல. பெட்டிகளுக்கு எப்போதும் வெள்ளம், வெளியே எவ்வளவு என்பது மட்டும் வாசிப்பவர் கையில். சுண்டுவிரலால் குமிழைத் தள்ளினால் ‘வாவ்’ அதே ‘வாவ்’தான், தூரத்தில் கேட்கும். கிட்டாரிலேயே ஒரு சுவிட்ச் வேறு: தட்டினால் எல்லா எஃபெக்டும் ஒரே அடியில் வெளியே, சுத்தமான கிட்டார் உள்ளே.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பிக்கப் என்பது பலவீனமான ஆள். நீளமான கேபிளை அதன் தலையில் ஏற்றினால் உயர் ஸ்தாயியெல்லாம் வழியிலேயே கரைந்து, ஒலி மங்கிப்போகும். டைகரிலோ ஒலி மேடையின் பின்பக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதனால் கிட்டாருக்குள்ளேயே ஒரு சின்ன பஃபர் சுற்று வைத்தார்கள். அதை வடிவமைத்தவர் ஜான் கட்லர். ஒலியைப் பெரிதாக்காது, உள்ளே வந்த அளவே வெளியே போகும். ஆனால் சுமையைப் பிக்கப் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் ஒரு குட்டிப் பலகை. இன்றைக்குச் சென்னை ரிச்சி தெருவில் இதற்கான பாகங்களை டீக்காசில் வாங்கிவிடலாம்.

வெளியே வந்த ஒலி போய்ச் சேரும் இடமும் விசேஷமானது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பின் முன்பாதியை மட்டும் எடுத்து, மக்கின்டாஷ் 2300 என்ற ஹைஃபை பவர் ஆம்ப்பில் கொடுத்து, 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் விட்டார்கள். பக்கத்துக்கு 300 வாட். திணறி உறுமும் ஆம்ப் அல்ல, எவ்வளவு கொடுத்தாலும் கலங்காமல் அப்படியே உரக்கச் சொல்லும் ஆம்ப். இப்படிப்பட்ட கண்ணாடிக்கு முன்னால் கிட்டாரின் சின்னக் குறையும் ஒளிந்துகொள்ள முடியாது. மிகைப்படுத்திய டிஸ்டார்ஷனில் வாசிக்கிறவருக்கு இர்வினின் இந்த உழைப்பில் பாதி காதிலேயே விழாமல் போயிருக்கும்.

இப்போது டைகர் நகல்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வருவது ஏன் என்று புரியும். கோகோபோலோ அசல், பித்தளை அசல், முத்துச்சிப்பி பொறிப்பு அச்சு அசல். லூப் மட்டும் ‘வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம்’. தேர் செய்துவிட்டு வடத்துக்குத் தனியாகக் காசு கேட்பது போல. வாசிப்பவரின் சிக்கலைக் கேட்டுத் தீர்ப்பதுதான் கைவினை என்பது என் வாதம்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடாவில் படகுகளின் உள்ளலங்கார மரவேலை செய்துகொண்டிருந்தவர் ஸ்டீபன் கிரைப். கார்சியாவிடம் பேசியதில்லை, அளவெடுத்ததில்லை. படங்களையும் வீடியோக்களையும் பார்த்துப் பார்த்து இர்வினின் வடிவத்தைத் தானே வரைந்து, ஒரு பழைய கட்டிலிலிருந்து கிடைத்த ஈட்டி மரத்தையும் சேர்த்து ஒரு கிட்டார் செய்து, யாரும் கேட்காமலே அனுப்பிவைத்தார். அதுதான் ‘லைட்னிங் போல்ட்’. 1993 முதல் கார்சியா அதை மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார், மாற்றுக்கு இன்னொன்றும் செய்யச் சொன்னார். ஆள் முகம் பார்க்காமலே ஒருவர் இப்படிச் செய்ய முடியுமென்றால், வாசிப்பவரின் சிக்கலைக் கேட்டுத் தீர்ப்பதுதான் கைவினை என்று நான் சொல்வது என்ன ஆகிறது?

யோசித்துப் பார்த்தேன். கிரைப் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கவில்லை. குமிழ் எங்கே, சுவிட்ச் எங்கே, தோள் எவ்வளவு வளைய வேண்டும் என்பதெல்லாம் கார்சியாவும் இர்வினும் இருபது வருடம் பேசிப் பேசி எட்டிய முடிவுகள். அந்த உரையாடலைத்தான் அவர் படத்தில் படித்தார். அபாரமான வாசகர், அதில் சந்தேகமில்லை. பாவம், கார்சியா இறந்த மறுவருடமே வாணவெடி தயாரிக்கும்போது நடந்த வெடிவிபத்தில் கிரைப்பும் போய்விட்டார்.

எடைப் பிரச்சினையை இர்வினும் கவனிக்காமல் இல்லை. டைகருக்கு அடுத்து 1990 வாக்கில் அவர் கொடுத்த ரோஸ்பட்டில் உள்ளே குடைந்து இரண்டு பவுண்டு குறைத்திருந்தார். சின்தசைசரை இயக்கும் மிடி வசதியும் சேர்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை, டைகரின் இளைத்த தம்பி.

இனி வழக்கு. கார்சியா தன் உயிலில், இர்வின் செய்த கிட்டார்களை இர்வினுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். நம் ஊரில் நாதஸ்வர வித்வான் தன் நாயனத்தைச் செய்த ஆசாரிக்கே எழுதிவைத்தது போல. நான் இப்படி இன்னொன்று கேள்விப்பட்டதில்லை. ஆனால் குழுவின் நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. கிட்டார்கள் கார்சியாவின் சொந்தச் சொத்து அல்ல, குழுவின் பொதுச் சொத்து, தனக்கு இல்லாததை ஒருவர் எழுதிவைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். சட்டப்படி பார்த்தால் அசட்டு வாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. இழுபறி வருடக்கணக்கில் நடந்தது. இதற்கிடையே இர்வின் விபத்தில் அடிபட்டு, பணமுடையில் இருந்தார். 2001 இறுதியில் சமரசம்: வுல்ஃபும் டைகரும் இர்வினுக்கு, மற்றவை குழுவுக்கு.

2002 மே மாதம் கெர்ன்சீஸ் ஏல நிறுவனம் இரண்டையும் நியூயார்க்கில் ஏலம் விட்டது. டைகரை எடுத்தவர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் அப்போதைய உரிமையாளர் ஜிம் இர்சே. தரகோடு சேர்த்து 9,57,500 டாலர், செய்த விலையைப்போல் 165 மடங்கு. வுல்ஃப் 7,89,500. டைகரைவிடக் குறைவுதான், ஆனால் அதன் அசல் விலை 1,500 என்பதால் 526 மடங்கு. அதே வுல்ஃப் 2017இல் மறுபடி ஏலத்துக்கு வந்து 19 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஏலம் ஒரு மனித உரிமை அமைப்புக்கு நிதி திரட்ட நடந்தது.

இந்த மடங்குக் கணக்கில் மரம் எவ்வளவு, கார்சியாவின் விரல் எவ்வளவு, பஃபர் சுற்று எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஏலக்காரர்களுக்கு அந்தக் கவலையும் கிடையாது.

வுல்ஃபுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்பதை இன்னும் சொல்லவில்லை. 1973இல் கைக்கு வந்தபோது அதில் ஓநாய் எதுவும் கிடையாது. கார்சியா எங்கிருந்தோ ஒரு கார்ட்டூன் ஓநாய் ஸ்டிக்கரை எடுத்து, ஊதா மரமும் சுருள் மேப்பிளும் சேர்ந்த அந்த உடம்பில், பிரிட்ஜுக்குக் கீழே ஒட்டிவிட்டார். குழந்தைகள் பீரோவில் ஒட்டுமே, அந்த மாதிரி. சில வருடம் கழித்து மெருகு புதுப்பிக்கக் கிட்டார் பட்டறைக்கு வந்தது. மெருகு போட வேண்டுமென்றால் ஸ்டிக்கரைச் சுரண்டியாக வேண்டும். இர்வின் சுரண்டினார். பிறகு அதே இளிப்போடு அதே ஓநாயைத் துண்டு துண்டாக வெட்டி, ஸ்டிக்கர் இருந்த அதே இடத்தில் மரத்துக்குள் பதித்துத் திருப்பிக் கொடுத்தார்.